எடுத்த காலுக்கும் மெட்டி

விழுப்புரத்தில் பிசியோதெரபிஸ்டாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்து பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு, சர்க்கரைப் புண் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். தையல் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத காலின் விரல்கள் வலித்தன.

“யாரோ வெரல மடக்கிப் புடிச்சிக்கினு உட மாட்றாங்க பாப்பா. கண்ண மூட முடியல.”

“காலே இல்ல, எங்கமே வலிக்குது?” என்றார் பக்கத்தில் இருந்த கணவர்.

“உனுக்கு நல்லாத் தூக்கம் வருது, பேசுவ.”

வலி பொய்யில்லை என்று கணவரிடம் சொன்னேன். மூளைக்குள் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. காலை எடுத்த பிறகும் அதில் கால் இருக்கும். விரலை நீட்டச் சொல்லி மூளை கேட்டுக்கொண்டே இருக்கும். நீட்டியாயிற்று என்ற பதில் வராது. அந்தக் குழப்பம் சிலருக்கு வலியாகிவிடுகிறது. கண் வழியாகப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.

பீரோவுக்குக் கண்ணாடி போடும் கடையில் ஒரு நீளக் கண்ணாடி வாங்கினேன். செய்ய வேண்டியவை மனதில் வரிசையாக இருந்தன: கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்துவது, எடுத்த காலின் மிச்சத்தை அதற்குப் பின்னால் மறைப்பது, இருக்கும் காலில் நகை இருந்தால் கழற்றுவது, கழற்றாவிட்டால் கண்ணாடியில் தெரிவதைக் கண் நம்பாது. கழற்ற ஒன்றுமில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே மெட்டிகளைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

வலது காலும், இடது கால் போலக் கண்ணாடியில் அதன் பிம்பமுமாக, இரண்டு கால்கள் தெரிந்தன. அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது என் காலு இல்ல. தாலி அறுத்தவ காலாட்டம் இருக்குது.”

கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். “ஒத்தக் காலுக்கு எதுக்குன்னு வேணான்னுட்டாம்மா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தரையில் குந்தி, ஒரு மெட்டியை மனைவியின் கால்விரலில் மாட்டினார்.

“மெதுவாய்யா. கல்யாணத்தன்னிக்கும் இப்டிதான் நசுக்குன.”

“அன்னிக்கும் நீ இப்டிதான் கத்துன.”

இன்னொரு மெட்டியைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணாடியோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு கால்களிலும் மெட்டி இருந்தது. இத்தனை வருடமாக அந்த மூளை அறிந்த கால் அதுதான்.

“ரெண்டு கால் வெரலையும் மடக்குங்கம்மா. இப்ப மெதுவா நீட்டுங்க.”

கண்ணாடியைப் பார்த்தபடியே மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். வெகுநேரம் கழித்து, “உட்டுடுச்சி பாப்பா,” என்றார்.

வலி திரும்ப வரலாம், வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சுவரில் சாய்ந்தபடி அவர் தூங்கியிருந்தார். கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினேன். கணவர் அதைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாமென்று தலையாட்டினார்.

“இருக்கட்டும்மா. நான் புடிச்சிக்கினு இருக்கேன்.”