ட்ரையர் சின்னையா தூங்கவில்லை

சின்னையா அண்ணன் தவறிவிட்டார் என்று வட்டகொடையிலிருந்து போன் வந்தபோது நான் ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். துக்கத்துக்கு முன்னால் வந்தது நிம்மதி. இனி அவர் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை. இப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இலையைக் காயவைக்கும் ட்ரையரில் நின்றவர். தூளை அள்ளி மோந்து பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். நான் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பொருத்த வந்த அன்று, "தம்பி, ஒங்க பெட்டிக்கு மூக்கு இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்னைய நிறுத்த மாட்டாங்க" என்று சிரித்தார்.

பெட்டிகள் இரண்டு. ஒன்று சூட்டைப் பதியும், சூடு மிஞ்சினால் சிவப்பு விளக்கை எரியவிட்டு அதையும் பதியும்; மற்றது மிசின் ஓடுவதையும் நிற்பதையும் பதியும். ஒரு நாள் காலை சூடு திடீரென்று ஏறித் தூள் கருகியது. சிவப்பு விளக்கு எரிந்தது பத்துப் பத்துக்கு, மிசினை நிறுத்தியது பத்து இருபதுக்கு என்று பதிவு சொன்னது.

"வெளக்கு எரிஞ்ச ஒடனே நிறுத்துனேங்க. இந்தப் பெட்டிதான் பொய் சொல்லுது" என்றார் அண்ணன். தோட்டத்தை நடத்தும் தொரை என்னைப் பார்த்தார். "மிசின் பொய் சொல்லாதுங்க" என்றேன். அன்றே அவரை ட்ரையரிலிருந்து எடுத்துக் கொழுந்து மூட்டை இறக்கப் போட்டார்கள். 'தூங்கின சின்னையா' என்று பட்டப்பெயரும் வந்தது. அப்படிக் கூப்பிட்டவர்களும் இதைப் படிப்பீர்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டிகளைத் திறந்தபோதுதான் கண்டேன். இரண்டின் நேரத்துக்கும் ஒன்பது நிமிட வித்தியாசம். முதல் பெட்டிக்கு என் போனைப் பார்த்து நேரம் வைத்திருந்தேன். இரண்டாவதற்குச் சோம்பல்பட்டு ஸ்டோர்ச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து வைத்திருந்தேன். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் பிந்தாமல் வரட்டும் என்று அந்த மணிக்கூட்டை ஒன்பது நிமிடம் கூட்டியே வைப்பார்கள். தோட்டத்து லய வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியாதா? இரண்டு பெட்டியும் ஒரே இடத்திலிருந்து நேரத்தை எடுக்கும்படி அன்று மாற்றினேன். பத்து நிமிட வேலை. வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்தால் அண்ணன், தோளில் மூட்டையோடு. இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "நானும் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. மிசினு சரியாத்தான் எழுதியிருக்கும். நான்தான் கண் அசந்துட்டேன் போலருக்கு. அன்னிக்கி ஒங்க பெட்டியத் திட்டிட்டேன், மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லண்ணே" என்றேன். பெரிய மனசுக்காரனைப் போல.

சாவு வீட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, "அவரு இருக்கையில சொல்லியிருக்கலாமுங்களே" என்றார்.

விளக்கு எரிந்து ஒரு நிமிடத்தில் அவர் மிசினை நிறுத்தினார். உங்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு.