மாமியார் வாயில் வைத்த குழம்பு

பிள்ளைப்பாக்கத்தில் அற்புதமேரியிடம் டி.வி. பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பயிற்சி எடுத்தவள்; ஊரில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். வேலையற்றவர்கள் உட்கார்ந்து அழுவதற்கு ஒரு பெட்டி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது அவள் கட்சி.

ஊரில் இருந்த ஒரே பெட்டி கோதண்டம் வீட்டில். செவ்வாய்க்கிழமைத் தொடர் நாடகத்துக்கு ஊரே அங்கேதான். எண்பத்தாறில் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவர் மகள் கங்காவுக்கு வலி கண்டது. அற்புதமேரி பையோடு வந்தபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டி கட்ட நேரமில்லை, பிள்ளை கிளம்பிவிட்டது. கூட்டத்தை விரட்டத் திரும்பியவளின் முந்தானையைக் கங்கா பிடித்துக்கொண்டாள்.

"அவங்க இருக்கட்டும் மேரிம்மா. கதவ மட்டும் ஒருக்களிச்சு வையி. இன்னிக்கு வசந்தி மாமியாருக்குச் சமைக்கறா."

வசந்தி நாடகத்தில் வருகிறவள். காதல் கல்யாணம். ஒரு வேளை வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டால்தான் வீட்டில் சேர்ப்பேன் என்று மாமியார் சொல்லிவிட்டாள். நாத்தனாரோ யாரும் பார்க்காதபோது குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள்.

அற்புதமேரிக்கு எரிச்சல்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தாள். வந்ததிலிருந்து பயத்தில் முழங்கால்களை இறுக்கிக்கொண்டிருந்த பெண், கூடத்திலிருந்து கதை காதில் விழ விழக் காலைத் தளர்த்தினாள், சொன்னபடி முக்கினாள். சரி, பெட்டி கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

கங்காவின் அம்மா சரோஜா நிலைப்படியில் நின்று, டி.வி.யைப் பார்த்துப் பார்த்து மகளுக்குச் சொன்னாள். "மாமியா உக்காந்துட்டா. குழம்ப ஊத்திக்கினா. பிசையறா. வாய்ல வெக்கறா..."

கரண்ட் போய்விட்டது.

கூடமே ஒரே குரலில் திட்டியது. உள்ளே கங்காவின் முழங்கால்கள் பட்டென்று சேர்ந்துகொண்டன. பிள்ளையின் தலை தெரிகிற நேரம். அற்புதமேரி மிரட்டினாள், கெஞ்சினாள். அரிக்கேன் வெளிச்சத்தில் அந்தக் கால்கள் போட்ட பூட்டு திறக்கவில்லை.

"துப்பிட்டாளா மேரிம்மா?" என்றாள் கங்கா அழுதபடி.

அற்புதமேரி பிறந்ததிலிருந்து ஒரு கதை சொன்னதில்லை. ஆனால் பிரசவ வீடுகளில் அவள் பார்க்காத மாமியார் இல்லை.

"துப்பல, முழுங்கிட்டா. அவ நாக்குக்கு ருசியே தெரியாது. இத்தினி வருசமா அத மறச்சிக்கினு கீறா. கால நகத்து, சொல்றேன்."

கால்கள் நகர்ந்தன. கூடம் கப்சிப்பென்று ஆனது.

அதன்பின் ஒவ்வொரு வலிக்கும் ஒரு துண்டு கதை வந்தது. குழம்பு பிரமாதம் என்று மாமியார் நாத்தனாரையும் ஒரு சட்டி சாப்பிட வைத்தாள். தாகம் தாங்காமல் ஓடிய நாத்தனார் வாளியோடு கிணற்றில் விழுந்தாள். இருட்டில் யாரோ கைதட்டினார்கள். அவளைத் தூக்கலாமா கூடாதா என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. மகளுக்கு வலி என்பதையே மறந்த கோதண்டம், யாரும் கயிறு போடக்கூடாது என்று சத்தம் போட்டார். அற்புதமேரிக்கும் சூடு பிடித்துவிட்டது. கயிறு போட்டாள். அதன் மறுமுனையை வசந்தியின் கையில் கொடுத்தாள். விடுவாளா, இழுப்பாளா?

"இழுக்கறா! நீயும் முக்கு!"

கங்கா முக்கினாள். கூடத்தில் நாலு பேர் சேர்ந்து முக்கியதும் கேட்டது. குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து வீறிட்டது. அழுகை அடங்கியதும் வெளியிலிருந்து வந்த முதல் கேள்வி, நாத்தனார் மேலே வந்துவிட்டாளா என்பது. ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும் என்பது சரோஜாவுக்கே பிறகுதான் தோன்றியது. பெண்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரே திரண்டது. முதலில் காட்டிய போன வாரச் சுருக்கத்தில் மாமியார் முகத்தைச் சுளித்தாள், தண்ணீர் குடித்தாள், பிறகு ஒரு பாட்டு வந்தது. கிணறே காணோம். கோதண்டம் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் கிணறு வரவில்லை. டி.வி.காரன் கதையைக் கெடுத்துவிட்டான் என்று முணுமுணுத்தபடி கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை குழந்தையைக் குளிப்பாட்ட வந்தவளிடம் கங்கா குழைந்தாள். "மேலே வந்த நாத்தனாரு இன்னா ஆனா மேரிம்மா? மிச்சத்த நீயே சொல்லேன்."

அற்புதமேரி குழந்தையின் காதோரத்துச் சோப்பு நுரையை வழித்தாள்.

"வலி இல்லாதவளுக்கு நான் கதை சொல்றதில்ல. அடுத்த பிள்ளைக்குக் கூப்புடு, சொல்றேன்."