அச்சங்குளத்தில் அண்ணன் ஆடிய ரக்பி

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை, தங்கை நான்தான் சரி என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது அச்சங்குளத்தில். அப்பா இலங்கையில் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்ததால், அண்ணனையும் அங்கேயே படிக்க வைத்தார். அங்கேதான் ரக்பி பழகினார். முட்டை வடிவப் பந்தோடு ஓடுகிறவனை எதிராளி இடுப்போடு பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். அதில் அண்ணனுக்கு இணை இல்லை. இலங்கை அணிக்காக வெளிநாட்டு அணிகளோடு ஆடினார். வலது தோள் இரண்டு முறை விலகியபின், இனி யாரையாவது மோதிப் பிடித்தால் கை விளங்காமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு பயிற்சியாளரானார்.

அப்பா காலமானதும் ஊர் திரும்பி, சாத்தூரில் டிரில் மாஸ்டரானார். சுற்றுவட்டாரத்தில் மோதுவதற்கு வேறு ரக்பி அணியே கிடையாது. தம் மாணவர்களையே இரண்டாகப் பிரித்து ஆடவிடுவார். பையன்களின் கிழிந்த சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய தாய்மார்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தைத்துக் கொடுப்பது நான். அந்த ஆட்டத்தின்மேல் எனக்குக் கொஞ்சமும் மரியாதை இருந்ததில்லை.

அப்போது நான் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். தூறல் விழுந்தால், மேடையில் காயப்போட்ட வெடிகளை அள்ள எல்லோரும் ஓடுவோம். நனைந்த வெடிமருந்து சூடேறித் தீப்பிடிக்கும் என்று தெரியும். தெரிந்தும் ஓடுவோம். ஒரு சனிக்கிழமை அண்ணன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரம் தூறல் பிடித்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் நான். பாதி வழியில் யாரோ இடுப்பைப் பிடித்துச் சாய்த்தார்கள். பார்த்தால் அண்ணன்.

"விடுங்கண்ணே, சரக்கு நனையுது" என்று கத்தி, அவர் கையைப் பிறாண்டினேன்.

"பேசாம கெட. அங்கன மேடையில பொகையுது."

போர்மேன் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். "வாத்தியாரே, பொம்பளப் பிள்ளைய இப்படிப் போட்டு அமுக்குதீகளே, நல்லாருக்கா?"

அண்ணன் விடவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மேடை வெடித்தது. ஒருவர் உயிருக்கும் சேதமில்லை.

அண்ணனின் வலது கை பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை. இடது கையால் பந்து வீசிப் பயிற்சி கொடுத்தார். நான் கண் கலங்கினால், "அழுவாத. நல்லாத்தான பிடிச்சேன்?" என்பார் பெருமையாக.

அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது இரவு பகல் பாராமல் கவனித்த நர்ஸம்மாக்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டியைத் தோள்மாற்றிச் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி மூச்சு வரை அண்ணனை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரைப் போல் பிடிக்க எனக்குத் தெரியவில்லை.