ஆஸ்திரேலியாக்காரரின் மனைவி

என் சித்தப்பாவுக்கு ஓர் ஆஸ்திரேலியப் பைத்தியம் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியில் அங்கே காடுமேடெல்லாம் சுற்றி, ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்களையும் மாடு ஓட்டுபவர்களையும் பற்றிக் கதை எழுதிய ஒருவரைத் தெய்வமாகக் கும்பிட்டார். மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் வேலை முடிந்து வந்து சாயா குடித்த கையோடு அந்த ஆளின் பேச்சுதான்.

அந்தக் கதைகளைத் தமிழில் கொண்டுவரக் கிளம்பினார். ஒரே சங்கடம், அவருக்குத் தமிழ் எழுத வராது. எங்கள் வீட்டில் எல்லோரும் மலையாளப் பள்ளிக்கூடம். தஞ்சாவூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சித்திக்கு மட்டும்தான் எழுத வரும். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஆடெல்லாம் தாகிச்சு கிடந்துன்னு எழுதிக்கோ" என்பார். சித்தி மீன் நறுக்கிய கையைக் கழுவிக்கொண்டு வந்து, 'தண்ணீர் காணாத ஆடுகள் தரையை நக்கின' என்று எழுதுவார். முழுப் புத்தகமும் இப்படித்தான் ஆனது.

சித்தி கேட்டது ஒன்றே ஒன்று. "என் பேரும் இருக்குமில்ல?"

"பின்னே இல்லாம? முதல் பக்கத்துலயே போடறேன்."

அதை நம்பி, சித்தி தஞ்சாவூரில் இருந்த தங்கைக்கெல்லாம் போனில் சொல்லிவிட்டார்.

வெளியீட்டு விழாவில் சித்தப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் உருகி உருகிப் பேசினார். "அந்த ஆஸ்திரேலியாக்காரர் குடிச்சே தீர்ந்தாரு. அவர் கிறுக்கினதையெல்லாம் திருத்தி எழுதிக் கொடுத்தது அவரோட சம்சாரம். அந்த அம்மா பேரை இன்னிக்கு யாராலயாவது சொல்ல முடியுமா?" மண்டபமே உச்சுக்கொட்டியது. நான் கை வலிக்கத் தட்டினேன்.

பக்கத்தில் சித்தி புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கடைசிவரை புரட்டிவிட்டு மறுபடி முதலுக்கு வந்தார். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சித்தப்பாவின் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று சொன்னேன். ஆமாம் என்றார்.

பிற்பாடு தமிழ் கற்றுக்கொண்டு நானே பார்த்தேன். நன்றியுரையில் அச்சகத்துச் சேட்டன் முதல் கிட்டங்கி வாட்ச்மேன் வரை இருக்கிறார்கள். சித்தி இல்லை. பாவி மனுஷன், இவ்வளவு பேரை நினைவு வைத்திருந்திருக்கிறார்.

விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து, அடுத்த கதைக்குச் சித்தியைக் கூப்பிட்டார்.

"எனக்குத் தமிழ் மறந்துபோச்சுங்க" என்றார் சித்தி அடுப்படியிலிருந்து.

ஒரு வாரத்தில் யாருக்காவது மொழி மறக்குமா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாளைக்கு ஞாபகம் வந்துவிடும் என்று சித்தப்பாவுக்கு ஆறுதல் வேறு சொன்னேன்.