அக்கா இளைக்க, கார் இழுக்க

“ஒரு மடக்கு தண்ணிய நிம்மதியா குடிக்க விடறீங்களா நீங்கள்லாம்?”

இதைக் கிளட்ச் அக்கா யாரிடம்தான் சொல்லவில்லை? புருஷனிடம் சொன்னாள், முதலாளியிடம் சொன்னாள், பின்னால் ஹாரன் அடித்த லாரியிடம் சொன்னாள், குடித்து முடிப்பதற்குள் பச்சைக்கு மாறிய சிக்னலிடமும் சொன்னாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. எடை குறைக்கும் ஆபரேஷனில் அவள் வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். முன்பெல்லாம் பாட்டிலைத் திறந்தாள் என்றால் மூடியைக் கீழே வைப்பதற்குள் அடி தெரியும். இப்போது குருவி மாதிரி தொட்டுத் தொட்டுக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்ட கையோடும் கூடாது. சாப்பிடுவதைக் கூழாகும் வரை மெல்ல வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும். ஆகவே நாள் முழுக்க அவள் மென்றுகொண்டிருந்தாள், இல்லையென்றால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மிச்ச நேரத்தில் புலம்பினாள்.

அவள் வேலை, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங் முன்னால் வியர்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டில் அக்கா இருப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். “கிளட்ச்… கிளட்ச்… கிளட்ச்சுன்னு சொல்றேன்ல” என்று அவள் போடும் சத்தம் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவள் பேச்சு குக்கர் விசில் மாதிரி. எல்லோருக்கும் கேட்கும், ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த சீட்டில் மட்டும் கதையே வேறு. அவள் காலை ஓர் அழுத்து அழுத்தினால், வெளியே எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு நின்றே ஆக வேண்டும். அந்த சீட்டுக்காக அவள் உயிரையே கொடுப்பாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்த நாட்களில் அந்த சீட்டைப் பற்றித்தான் கவலை. புருஷன் ஒரு குடோனில் சரக்கு பார்ப்பவர், பெண்டாட்டியையும் சரக்கு மாதிரியே பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் செய்தித்தாளைக்கூட அவரே பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுத்தார். தண்ணீர் குடிக்க மறந்துவிடுவாளே என்று, அவள் போனில் தன் குரலையே அலாரமாகப் பதிந்து வைத்தார். ஊர் உறங்கினாலும் அது உறங்காது. “குடிம்மா… கொஞ்சமா குடி… மெதுவா குடி” என்று கொஞ்சும். வடிகட்டிய சூப்பை அவள் நாலு ஸ்பூன் குடித்துவிட்டுப் போதும் என்றால், வீணாகக் கூடாதே என்று மீதியை அவர் முடித்தார். பிறகு அரைத்த காய்கறி வந்தது, அதையும் முடித்தார். அவள் இறக்கி வைத்ததையெல்லாம் அவர் பொறுப்பாக ஏற்றிக்கொண்டார். மறுபரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் அவரைப் பார்த்து, “ஆபரேஷன் உங்களுக்குத்தானே?” என்று கேட்டாள்.

டிரைவிங் ஸ்கூலில் இதற்குள் ஒரு விபரீதம் நடந்திருந்தது. அக்கா லீவில் போனதும் முதலாளி அந்த சீட்டில் தன் மச்சானை உட்கார வைத்தார். மச்சானுக்குக் காற்றடித்தால் பறந்துவிடாமல் கொடியில் கிளிப் போட்டு வைக்க வேண்டிய உடம்பு. அவர் உட்கார்ந்த நாள் முதல் கார் நேராகப் போக மறுத்தது. நடுக்கோட்டைப் பார்த்தால் போதும், மாமியார் வீட்டைக் கண்ட மாப்பிள்ளை மாதிரி அந்தப் பக்கமே இழுத்தது. டெஸ்டுக்குப் போனவர்கள் எல்லோரும் வரிசையாக ஃபெயில்.

மெக்கானிக் காரின் அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து பார்த்தார், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“காரு சரியாத்தான் இருக்கு சார். அக்காதான் இல்ல.”

விஷயம் இதுதான். இத்தனை வருஷமாக, கார் நேராக ஓட சக்கரங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பார்க்கும்போதெல்லாம் அக்கா சீட்டை விட்டு இறங்கியதில்லை. இறங்கி ஏறுவது அவளுக்குச் சிரமம், இறங்கச் சொல்வது மெக்கானிக்குக்குக் கூச்சம். ஆகவே அவளோடு சேர்த்தே காரை செட் பண்ணியிருந்தார். அவள் உட்கார்ந்தால் நேர், எழுந்தால் கோணல்.

முதலாளி பழப்பையோடு வீட்டுக்கு வந்தார். உடம்பு எப்படி என்று கேட்டார், தூக்கம் எப்படி என்று கேட்டார், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேலைக்கு வரும்போது பழைய மாதிரியே வருவாள் அல்லவா என்று கேட்டார். அக்காவுக்கு அது அன்பாகப் பட்டது. கண்கூடக் கலங்கியது. பழங்களைப் புருஷன் முடித்தார்.

அவள் திரும்ப வேலைக்குப் போன அன்று முதலாளி வாசலுக்கே வந்து காத்திருந்தார். அக்கா ஏறி உட்கார்ந்தாள். முன்பு அந்த சீட் பெல்ட்டைப் பூட்ட மூச்சைப் பிடிக்க வேண்டும், இன்று பெல்ட் போட்டபிறகும் மிச்சம் தொங்கியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாளி டயர் பக்கம் குந்தி உட்கார்ந்து, கார் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார். அமுங்கவில்லை. இழவு விழுந்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, முழுசா வரலையேம்மா நீ” என்றார்.

புதிதாக அலைன்மென்ட் பண்ணிவிடலாமே என்று அவள் சொன்னாள். மெக்கானிக் ஒப்பவில்லை. வாரத்துக்கு வாரம் அக்கா இளைத்துக்கொண்டே போகிறாள், எந்த எடைக்கு செட் பண்ணுவது? “ஓடிக்கிட்டே இருக்கிற ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்க முடியுமா? முதல்ல ஒரு இடத்துல நில்லுங்கக்கா, அப்புறம் பார்க்கலாம்.”

மணல் மூட்டை அப்படித்தான் வந்தது. அக்காவின் சீட்டுக்குப் பின்னால், தரையில், அவள் குறைந்த அளவுக்கு மணல். வாரம் பிறந்தால் முதலாளி எடை கேட்பார். குறைந்திருக்கிறது என்று அவள் சந்தோஷமாகச் சொன்னால் அவர் முகம் தொங்கும், இன்னொரு பை வந்து சேரும். அக்காவுக்கு விநோதமாக இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு உடம்பிலிருந்து இறக்கியது மூட்டையாகப் பின்னாலேயே உட்கார்ந்து கூட வருகிறது. ஒரு நாள் பிரேக் போட்டபோது அது அவள் முதுகில் இடிக்க, தன்னை அறியாமல் “சாரி” என்றாள்.

மூட்டை இருந்தும் கார் முழுசாகத் திருந்தவில்லை. முதலாளி பொறுமை இழந்தார். பாங்க் கிளார்க் ஒருவர் ஏற்கனவே மூன்று முறை ஃபெயிலானவர். இந்த முறையும் அவர் ஃபெயிலானால், அக்கா ஆபீஸ் மேஜைக்குப் போய் போன் எடுக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். சீட்டுக்கு ஆளும் பார்த்து வைத்திருந்தார், தாட்டியான ஆள், முன்னாள் குஸ்தி வீரர். கார் ஓட்டத் தெரியுமா என்று அக்கா கேட்டாள். அதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், எடையைக் கற்றுக்கொடுக்க முடியாது என்றார் முதலாளி.

அன்றைக்கு மத்தியானம் ஸ்பூன் ஸ்பூனாகத் தயிரைச் சப்பிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை பேருக்கு அவள் கிளட்ச் கற்றுக்கொடுத்திருக்கிறாள், பிரேக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஸ்டீயரிங்கை மட்டும் ஒருத்தருக்கும் கற்றுக்கொடுத்ததே இல்லை. அதை அவள் எடையே பார்த்துக்கொண்டது.

மறுநாள் முதல், ஸ்கூலைத் தாண்டி மூலை திரும்பியதும் காரை நிறுத்தச் சொன்னாள். கிளார்க்கை இறங்கி ஒரு மூட்டையை எடுத்து மரத்தடியில் வைக்கச் சொன்னாள். அவள் தூக்கக் கூடாதே.

“நான் கார் கத்துக்க வந்தேனா, லோடு இறக்க வந்தேனா?” என்று கிளார்க் முனகினார்.

“உங்க சொந்தக் கார்ல நான் வந்து உட்காரப் போறதில்ல. கார் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு கையால கேளுங்க. கேட்டுட்டு அந்தப் பக்கம் போக விடாதீங்க.”

ஒரு நாள் ஒரு மூட்டை இல்லாமல், ஒரு நாள் இரண்டு இல்லாமல், ஒரு நாள் எதுவுமே இல்லாமல் ஓட்டினார்கள். கார் இஷ்டத்துக்கு இழுத்தது, கிளார்க் கஷ்டத்துக்குப் பிடித்தார். திரும்பும்போது மூட்டைகளைப் பழைய இடத்தில் அடுக்கிவிடுவார்கள். முதலாளிக்கு எதுவும் தெரியாது.

டெஸ்ட் நாள். விதிப்படி அக்கா தன் சீட்டில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. லைசென்ஸ் அதிகாரி பின்னால் உட்கார வந்தார். கால் மூட்டையில் இடித்தது.

“என்னங்க இது, கார்லயே வீடு கட்டப் போறீங்களா? இறக்குங்க.”

முதலாளி ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “சார், அது மணல் இல்ல சார். இவங்களோட மிச்சம் சார்.”

அதிகாரி அக்காவைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். இறக்கச் சொன்னார். முதலாளி மூட்டைகளை இறக்கி ஓரமாக அடுக்கி, பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

கார் கிளம்பியது. உடனே நடுக்கோட்டுப் பக்கம் இழுத்தது. அக்காவின் கால் பிரேக் மேல் துடித்தது. அழுத்தினால் கிளார்க் ஃபெயில், அவளுக்கு ஆபீஸ் மேஜை. காலைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டாள். கிளார்க்கின் கைகள் லேசாக இறுகின, கார் கோட்டை விட்டு விலகி நேரானது. திருப்பத்தில் சரியாக, பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கொஞ்சியது.

“குடிம்மா… கொஞ்சமா குடி…”

அதிகாரி முன்னால் சாய்ந்தார். டெஸ்டில் யார் யாரைக் குடிக்கச் சொல்வது என்று கேட்டார். அக்காவால் பேச முடியாது, விதி. பாட்டிலைத் தூக்கிக் காட்டி, ஒரு மிடறு, பறவை மிடறு, குடித்தாள். “தண்ணி சார். வயித்துல ஆபரேஷன். சொல்றது அவங்க வீட்டுக்காரர்” என்றார் கிளார்க், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கைப்பிடி தளராமல். அலாரம் மூன்று முறை கொஞ்சி முடிப்பதற்குள் அவர் ரிவர்ஸ் எடுத்து, கம்பங்களுக்கு நடுவே காரைச் சொருகி நிறுத்தியிருந்தார்.

பாஸ்.

கிளார்க் இறங்கி முதலாளியைக் கட்டிப்பிடித்தார், மூட்டைகளையும் ஒரு முறை தட்டிக்கொடுத்தார். அடுத்து கற்றுக்கொள்ள வந்திருந்த பெண் ஸ்டீயரிங் முன்னால் ஏறிக் காத்திருந்தாள். அக்கா சீட்டை விட்டு அசையவில்லை. முதலாளி கணக்குப் போட்டு முடித்தவராக ஜன்னலில் தலையை நீட்டினார். ஆக இதுதான் சரியான எடை, மெக்கானிக்கை இப்போதே வரச் சொல்லி இதற்கே செட் பண்ணிவிடலாம், இனிமேல் அவள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, ஒரு கிலோ மாறினாலும் மேஜைதான் என்றார்.

அக்கா அப்போது குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மிடறு. அது இறங்கும் வரை நிறுத்தினாள். இன்னொரு மிடறு. முதலாளி தலையை ஜன்னலில் வைத்தபடி காத்திருந்தார். அவள் மூடியைத் திருகி மூடி, காலைப் பிரேக் மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“சார், என் வயித்துல இப்ப ஒரு கைப்பிடி இடம்தான் இருக்கு. என் சாப்பாட்டுக்கே அது பத்தல, உங்க காரை நான் எங்க கொண்டு வைக்கிறது? நான் இன்னும் இறங்குவேன், டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் இறங்குவேன். கனம் வேணும்னா மணலை உட்கார வைங்க. பிரேக் வேணும்னா நான்தான் உட்காரணும். ரெண்டும் வேணும்னா நீங்களே வந்து பின்னாடி உட்காருங்க, ஆனா வாயத் திறக்கக் கூடாது.”