திருநீறு பூசிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்கு எந்த மெஷின் வந்தாலும் முதலில் அம்மாவிடம்தான் போக வேண்டும். அப்பா ஓட்டிய ஃபேக்டரி பஸ், தையல் மெஷின், துணி துவைக்கும் மெஷின், எல்லாமே மூன்று கோடு திருநீறும் ஒரு குங்குமப் பொட்டும் வாங்கிக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்கின. தொண்ணூறுகளின் நடுவில், பெம்பான் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தபோதும் அதே மரியாதைதான் நடந்தது. அம்மா கை தாராளம். பெட்டியின் காற்றுத் துளை வழியாகக் கொஞ்சம் திருநீறு உள்ளேயும் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாமி விஷயத்தில் அம்மாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் எங்கள் வீட்டில் கிடையாது.

கம்ப்யூட்டர் வாங்கியது ஒரு பயிற்சிக்காக. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்திருந்தேன். டுரியான் துங்கால் பக்கம் ஒரு கல்லூரியில், கணக்குப் போடும் புரோகிராம் எழுத ஆரம்பப் பயிற்சி நடத்தினார்கள். எல்லாருக்கும் கொடுக்க அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. அவரவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அவர்கள் தபாலில் அனுப்பிய டிஸ்கெட்டுகளில் இருந்து ஃபோர்ட்ரான் என்ற புரோகிராம் மொழியை ஏற்றி, ஒரு சோதனைப் புரோகிராமை அடித்து, வாசலில் விடையைக் காட்டினால்தான் இடம். இடம் கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை நான் ஃபேக்டரியில் ஆப்பரேட்டர். மாமா அங்கே வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். அப்பாவும் அந்த நிபந்தனையோடுதான் கம்ப்யூட்டரையே வாங்கினார். ஃபேக்டரி வேலை ஒன்றும் கேவலமில்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஃபோர்ட்ரான் ஒழுங்காகவே ஏறியது. சோதனையும் சின்னதுதான்: பத்தில் ஒன்றை, அதாவது 0.1-ஐ, பத்துத் தடவை கூட்ட வேண்டும். விடை ஒன்று என்று பாலர் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் கம்ப்யூட்டர் 1.0000001 என்றது. திரும்ப ஓட்டினேன். திரும்பவும் அதே பிடிவாதம்.

மாமாவைக் கூப்பிட்டோம். அம்மாவின் தம்பி, ஜாசினில் ஓர் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதவாக்கு.

"ரோசாக் ஆயிருச்சுலா இது, கெட்டுப்போச்சு," என்றார் பெட்டியைத் தட்டி. "உள்ளுக்கு இவ்வளவு சாம்பல் போனா கணக்கு ஒழுங்கா வருமா? எல்லாம் நீ செஞ்ச வேலைதான் அக்கா."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "நல்லது நெனச்சுத்தானே பூசுனேன்," என்றார். அன்று மத்தியானத்திலிருந்து சோற்றை ஒழுங்காகத் தொடவே இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மாமாவே வழியும் சொன்னார். "கூட்டவே வேணாம். நேரா ஒன்னுன்னு ஸ்கிரீன்ல வர்ற மாதிரி அடிச்சிரு. வாசல்ல நிக்கிறவனுக்கு என்னா தெரியப் போவுது?"

"முடியாது மாமா."

"அப்ப திங்கக்கெழமை பஸ் ஏறு."

"ஏறுறேன். பொய்ய எழுதிக் காட்ட மாட்டேன்."

அவர் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அரையைக் கூட்டினேன், சுத்தமாக வந்தது. காலைக் கூட்டினேன், வந்தது. பத்தில் ஒன்றிடம் மட்டும்தான் தகராறு. அரைக்கும் காலுக்கும் வழிவிடுகிற திருநீறு, பத்தில் ஒன்றை மட்டும் பார்த்து மறிக்குமா? காரணம் தெரியவில்லை. ஆனால் காரணம் அம்மா இல்லை என்பது தெரிந்துவிட்டது.

பயிற்சி நாள் காலையில், வேலைக்காரர்களை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, அப்பா அதே பஸ்ஸில் என்னையும் கம்ப்யூட்டரையும் கொண்டுபோனார். வாசலில் மேசை போட்டு, டை கட்டிய லேப் உதவியாளர் ஒருவர் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தி, 1.00 என்று காட்டி உள்ளே போனார்கள். என்னுடையதைப் பார்த்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது தப்பு தங்கச்சி. மெஷின் ரோசாக். மேல என்னா பவுடரு? மொதல்ல அத தொடச்சு எடு."

"பவுடர் இல்லண்ணே, திருநீறு. தொடைக்க மாட்டேன்." புரோகிராம் இருந்த டிஸ்கெட்டை எடுத்து நீட்டினேன். "என் டிஸ்கெட்ட ஒங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. அதுல சரியா ஒன்னு வந்தா, நானே இதத் தூக்கிட்டுப் போயிர்றேன்."

அப்பா பஸ் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. வேறு வழியில்லாமல் உதவியாளர் டிஸ்கெட்டை வாங்கி, கல்லூரியின் புத்தம்புதுக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டினார்.

1.0000001.

மறுபடி ஓட்டினார். என் பெயரை எழுதிக்கொண்டு வழிவிட்டார். காரணத்தை முதல் பாடத்திலேயே சொன்னார்கள்: கம்ப்யூட்டர் எதையும் பாதி, பாதியில் பாதி என்று வெட்டித்தான் வைத்துக்கொள்ளும், பத்தில் ஒன்று அந்த வெட்டுக்குச் சரியாக அகப்படாது. கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அதுதான் கதி.

தேநீர் நேரத்தில் பொதுத் தொலைபேசிக்கு ஓடி வீட்டுக்கு அடித்தேன்.

"அம்மா, இடம் கெடச்சிருச்சு. இங்க உள்ள புது கம்ப்யூட்டரும் அதே கணக்கத்தான் சொல்லுது. அதுக்கு யாரும் திருநீறு பூசல. இனியாவது சாப்பிடும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

"பாவம்லா," என்றார் அம்மா. "அதுக்கு யாரும் பூசலயா? ஒன் பையில பொட்டலம் வச்சிருக்கேன் பாரு. ஒரு கோடு இழுத்து விட்டுட்டு வா."

டை கட்டியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழுத்தேன்.