கலர்க்கடையில் தொங்கிய முகம்

படம் பிடிக்கிறவனை ஊருக்கே தெரியும். பிடித்த படத்தை உட்கார்ந்து அழகாக்குகிறவன் மாட்டிக்கொண்டால்தான் தெரிவான். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் தூத்துக்குடி ஸ்டூடியோ ஒன்றில் நான் பார்த்த வேலை அதுதான். இதே பிழைப்பில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் மாட்டிக்கொண்ட கதை புரியும்.

சதை போடுதல்

கலியாணத்துக்கு அனுப்புகிற படம் என்றால் அம்மாமார் என் மேஜைக்கே வந்துவிடுவார்கள். பெண் பூசினாற்போல் இருக்க வேண்டும். எலும்பு தெரிந்தால் சீக்காளி என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கிவிடுவார்கள். நெகட்டிவில் கன்னத்துக் குழிமேல் பென்சிலால் மெல்லத் தீற்றினால் அச்சில் குழி நிரம்பிவிடும். தோணி ஓட்டும் தண்டல் சூசையின் மகள் புஷ்பத்துக்கு, பாவம், கழுத்தெலும்புவரை நிரப்ப வேண்டியிருந்தது. அவள் அம்மா பக்கத்திலேயே நின்றாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க தம்பி, உங்க வீட்டுச் சோறா குறையப் போவுது?"

வெள்ளைக்காரன் கேட்ட இடுப்பு

அதே வாரம் லாஞ்சுப் படகில் கரைக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல்காரன் ஒருவன் ஒரு காலண்டர் படத்தை விரித்தான். அரைக்கால் சட்டை போட்ட பெண் ஒருத்தி ஏணியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆத்தாடி, அந்த ஒடுங்கின இடுப்பு! நம்மூர் அம்மாமார் பார்த்தால் வைத்தியரைத்தான் கூப்பிடுவார்கள். இதையே பெரிதாக வரைய வேண்டும், முகம் மட்டும் இந்த ஊர் முகமாக இருக்க வேண்டும் என்றான்.

முகத்துக்கு நான் எங்கே போவேன்? தெருவில் பெண்களை நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லை. மேஜையில் புஷ்பத்தின் முதல் பிரிண்ட் கிடந்தது, சதை போடாதது. அந்த உடம்புக்கு அந்த ஒட்டிய கன்னம் அச்சாகப் பொருந்தியது. கப்பலேறிப் போகிற படம்தானே என்று புத்திகெட்டு வரைந்துவிட்டேன். அவன் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இவள் வீடு எங்கே இருக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமைத் துண்டு

படம் கப்பலேறவில்லை. அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய கப்பல்காரன், மாதா கோவில் தெருவில் சோடா, கலர் விற்கிற கடையில் அதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கடைக்காரர் பக்திமான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுத்துக்குக் கீழே துண்டைப் போட்டு மூடியிருந்தார். பூசை முடிந்து வருகிற ஊர் முழுக்கப் பார்க்கும்படி புஷ்பத்தின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

சூசை கண்ணில் பட்டால் என்னை மீனாக அரிந்துவிடுவார். நான் தொலைந்தால் தொலைகிறேன், அந்தப் பெண்ணுக்குப் பிறகு எவன் தாலி கட்டுவான்? கழற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன். கடைக்காரர் சிரித்தார். "மானம் போற இடத்தையெல்லாம் மூடிட்டேம்லா, முகத்துல என்னவே இருக்கு?"

தண்டல் வந்தார்

மறுநாளே சூசை ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். பின்வாசல் இல்லாத கடையில் வேலைக்குச் சேராதீர்கள், சொல்லிவிட்டேன். "ஏலே, கலர்க்கடையில ஒரு படம் தொங்குதே, பாத்தியா?" என்றார். தலையை ஆட்டினேன். "எவன் பெத்த பிள்ளையோ, வத்தலாக் கிடக்கு. அப்பங்காரன் சோறே போட மாட்டானோ?"

புஷ்பம் கேட்டது

கொழும்பிலிருந்த மாப்பிள்ளை, நான் சதை போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்தே புஷ்பத்துக்குச் சம்மதித்துவிட்டானாம். கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது புஷ்பமும் அம்மாவும் வந்தார்கள். அம்மா முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்க, அவள் என் மேஜையோரம் வந்து நின்றாள்.

"கலர்க்கடையில இருக்கது நான்தான்னு எனக்குத் தெரியும் அண்ணே, யார்ட்டயும் சொல்ல மாட்டேன். கொழும்புக்கு அனுப்பிச்சியளே, அந்தப் படத்துல இருக்கவ யாரு? அவ ஏன் வரலன்னு அவுக கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அன்றுமுதல் எந்தப் பெண்ணின் கன்னத்தில் பென்சில் வைத்தாலும் பாதிக் குழியோடு நிறுத்திவிடுவேன். தொழிலுக்கு இது ஆகாது என்பார் முதலாளி.